குளிர் தரும் அவகாசம்

பொருளை விளைவிப்பது ஒரு திறமை. விளைந்த பொருளைக் கெடாமல் வைத்திருந்து உரிய விலைக்கு விற்பது வேறொரு திறமை. நம் சங்கங்களில் நெசவாளரும் இருக்கின்றனர். பயிரிடுவோரும் கறவை மாடு வளர்ப்போரும் இருக்கின்றனர். தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலை ஒரு மாதம் அலமாரியில் மடிந்து கிடந்தாலும் சேலையாகவே இருக்கும். விடியற்காலை 5 மணிக்குக் கறந்த பாலோ நண்பகலிலும் பாலாகவே இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. அரியாங்குப்பத்தை அடுத்த வீராம்பட்டினம் கரையில் இறங்கும் மீனும், தோட்டத்தில் பறித்த கீரையும் அத்தகையவையே. இவற்றை விற்க ஒருவர் அமரும்போது அவருக்கு எதிரே வியாபாரி மட்டும் அமர்ந்திருக்கவில்லை, கடிகாரமும் அமர்ந்திருக்கிறது. நேரம் செல்லச் செல்ல வியாபாரிக்கு நஷ்டமில்லை. விற்பவருக்கே நஷ்டம்.

இந்தக் கடிகாரத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கும் சாதனமே குளிர்பதனம். குளிர், பாலை நல்ல பாலாக்குவதில்லை. மீனைப் பெரிய மீனாக்குவதில்லை. அது அவகாசம் தருகிறது, அவ்வளவே. ஆனால் அவகாசம் உள்ளவனே விலை பேச முடியும். இந்த அவகாசம் உலகில் முதலில் யாருக்குக் கிடைத்தது, பின்னர் யார் கைக்கு மாறியது, சிறு உற்பத்தியாளர் கைக்கு அது எவ்வழியாக வந்தது என்பதை அறிந்துகொள்வது நம் அங்கத்தினர்களுக்குப் பயன் தரும்.

வெயிலும் உப்பும் புளிப்பும்

குளிர்சாதனங்கள் வருவதற்கு முன் நம் முன்னோர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மீன் மிஞ்சினால் உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கினர். பால் மிஞ்சினால் உறை ஊற்றித் தயிராக்கி, கடைந்து வெண்ணெய் எடுத்து, உருக்கி நெய்யாக்கினர். காய் மிஞ்சினால் வற்றல். மாங்காய் மிஞ்சினால் ஊறுகாய். சோறு மிஞ்சினால் நீரூற்றிய பழையது. வெயில், உப்பு, புளிப்பு ஆகிய மூன்றுமே பல நூற்றாண்டுகளாக நமது பண்டகசாலையின் காவலர்கள்.

நம் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு இதற்கு ஒரு பழைய சாட்சி. 1945 இல் மார்ட்டிமர் வீலர் அங்கே நடத்திய அகழாய்வும், பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் நடத்திய அகழாய்வும், மத்தியதரைக் கடல் நாடுகளுடன் இவ்வூர் கொண்டிருந்த வாணிபத்தை வெளிப்படுத்தின. அங்கே கிடைத்த இருகைப்பிடி மண்சாடிகள் திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் மட்டுமன்றி, உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன்சாறும் கொண்டு வந்தவை என்று அறிஞர் கூறுகின்றனர். பல மாதக் கடற்பயணத்தைத் தாங்கக்கூடிய உணவு அக்காலத்தில் உப்பு ஏறிய உணவே. அங்குள்ள செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் என்று வீலர் கருதினார். கெடாத துணி தூர தேசம் சென்றது. மீன், சாறாக மாறினாலொழியச் செல்ல முடியவில்லை. நெசவாளர் சரக்குக்கும் உணவுச் சரக்குக்கும் உள்ள வேற்றுமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இப்பழைய முறைகளில் ஒரு குறையும் உண்டு. கருவாடு மீனின் விலை பெறாது. தயிரும் மோரும் நகரத்துக் குழந்தைக்குப் பாலாகா. பொருளைக் காப்பாற்ற அதன் உருவையே மாற்ற வேண்டியிருந்தது. உருவம் மாறாமல் காக்கும் வழி குளிர் ஒன்றே.

கப்பலில் வந்த பனிக்கட்டி

குளிரைத் தேடியவர்களுள் முதல்வர் அரசர்களே. வெடியுப்புக் கரைந்த நீரில் குவளையை வைத்துச் சுழற்றிக் குடிநீரைக் குளிர்விக்கும் முறை அக்பரின் அரண்மனையில் கையாளப்பட்டதை அபுல் ஃபசல் எழுதி வைத்துள்ளார். வட மலைகளிலிருந்து பனிக்கட்டி லாகூருக்குக் கொண்டுவரப்பட்டதையும் அவரே குறிக்கிறார். அலகாபாத் முதலிய இடங்களில் குளிர்கால இரவுகளில், ஆழமற்ற குழிகளில் வைக்கோல் முதலியவற்றைப் பரப்பி, அதன்மேல் அகன்ற மண்தட்டுகளில் நீரூற்றி வைத்து, சூரியோதயத்துக்கு முன் படிந்திருக்கும் மெல்லிய பனிக்கட்டியைச் சேகரித்தனர். இம்முறையை ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775 இல் வியப்புடன் விவரித்தார். ஆயினும் தென்னாட்டுக் கடற்கரையின் இரவுகள் அவ்வளவு குளிர்ந்தவை அல்ல. இங்கே மண்பானையும் வெட்டிவேர்த் தட்டியுமே குளிர்ச்சிக்குத் துணை.

இந்நிலையில் 1833 ஆம் ஆண்டு ஒரு விந்தை நிகழ்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரியான பிரெடெரிக் டூடர், அந்நாட்டு ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளால் பொதிந்து, 'டஸ்கனி' என்ற கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். மே மாதம் 180 டன்னுடன் புறப்பட்ட கப்பல், இருமுறை பூமத்திய ரேகையைக் கடந்து, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது! வெப்பம் உட்புகாமல் தடுத்தால் போதும், பனிக்கட்டி மாதக்கணக்கில் கரையாமல் இருக்கும் என்பதை டூடர் உலகுக்குக் காட்டினார்.

இவ்வியாபாரம் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் நடைபெற்றது. சென்னையில் பனிக்கட்டியைச் சேமிக்க 1842 இல் கடற்கரை ஓரமாக ஒரு கட்டடம் எழுந்தது. அதுவே திருவல்லிக்கேணி 'ஐஸ் ஹவுஸ்'. ஆனால் அப்பனிக்கட்டி எவருடைய பாலையும் மீனையும் காக்கவில்லை. துரைமாரின் பானத்தைக் குளிர்வித்தது. செல்வந்தர் விருந்துக்கு அழகு சேர்த்தது. சில வேளைகளில் காய்ச்சல் கண்ட நோயாளியின் நெற்றிக்கு உதவியது. கட்டடத்துக்கு எதிரே கடலில் மீன் பிடித்தவர்கள் அம்மீனை வழக்கம்போல் வெயிலில் உலர்த்திக்கொண்டே இருந்தனர். குளிர் ஊருக்கு வந்துவிட்டது, உற்பத்தியாளரிடம் வரவில்லை.

யந்திரத்தால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் தொழில் வந்தபின் டூடர் நிறுவனத்தின் வியாபாரம் 1880 ஐ ஒட்டி முடிவுற்றது. சென்னைக் கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897 இல் மேனாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே 9 நாட்கள் தங்கினார். பிற்காலத்தில் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளுக்குக் கல்வி அளித்த விடுதியும் அங்கே நடந்தது. 1963 இல் அது விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. எனினும் அப்பகுதியை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கின்றனர்.

யந்திரம் பிறந்த கதை

குளிரை உண்டாக்கும் யந்திரத்தின் தத்துவம் நம் மண்பானையின் தத்துவமே. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. பானையில் ஆவியான நீர் காற்றோடு போய்விடும். யந்திரத்திலோ, எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் குழாய்க்குள் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியை அமுக்கி வெளிப்புறக் குழாயில் வெப்பத்தை விடச் செய்தால் அது மீண்டும் திரவமாகிறது. இச்சுழற்சி ஓயாமல் நடைபெறுகிறது. குளிர்ப்பெட்டியின் பின்புறம் சூடாக இருப்பதன் காரணம் இதுதான். யந்திரம் குளிரைப் படைப்பதில்லை. வெப்பத்தை உள்ளிருந்து வெளியே இறைக்கிறது. கிணற்றிலிருந்து நீர் இறைப்பதற்கு மாடோ மின்சாரமோ வேண்டுவது போல, வெப்பத்தை இறைக்கவும் சக்தி வேண்டும். அதற்குச் செலவும் உண்டு. இதை அங்கத்தினர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்காட்லாந்து அறிஞர் வில்லியம் கல்லன் 18 ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஆவியாதலால் பனிக்கட்டி உண்டாக்கிக் காட்டினார். 1834 இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ், ஆவியை அமுக்கித் திரும்பப் பயன்படுத்தும் யந்திரத்துக்கு உரிமை பெற்றார். அமெரிக்காவில் புளோரிடா நாட்டு வைத்தியர் ஜான் காரி, காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க முயன்று, 1851 இல் பனிக்கட்டி யந்திரத்துக்கு உரிமை பெற்றார். மூலதனம் கிட்டாமல் 1855 இல் காலமானார். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் 1850 களில் பனிக்கட்டி யந்திரம் அமைத்தார். 1859 இல் பிரான்சு நாட்டு பெர்டினாண்ட் கார்ரே அம்மோனியாவைப் பயன்படுத்தும் யந்திரத்தை உருவாக்கினார். ஜெர்மனியில் கார்ல் லிண்டே 1870 களில் அதைத் தொழிற்சாலைக்கேற்றவாறு சீர்ப்படுத்தினார்.

அக்காலத்தில் புதுச்சேரியை ஆண்ட பிரான்சிலிருந்தே மற்றொரு முயற்சியும் எழுந்தது. சார்ல் தெலியே என்னும் பொறியாளர் 1876 இல் குளிர்சாதனம் பொருத்திய ஒரு கப்பலில் இறைச்சியை ஏற்றி, ரூவான் துறைமுகத்திலிருந்து தென்னமெரிக்காவின் புவெனஸ் அயர்ஸ் வரை கெடாமல் கொண்டு சென்றார். அவரும் வறுமையிலேயே 1913 இல் மறைந்தார். கண்டுபிடித்தவர் ஒருவர், பலன் பெற்றவர் வேறொருவர் என்பது இவ்வரலாற்றில் அடிக்கடி நிகழ்ந்தது. பெருந்தொகை போட்டு ஆலையும் கப்பலும் அமைத்தவர்களிடமே குளிர் சென்று சேர்ந்தது.

1882 இல் 'டனீடின்' என்ற கப்பல் நியூசிலாந்திலிருந்து சுமார் 5,000 ஆடுகளின் உறைந்த இறைச்சியை லண்டனுக்குக் கொண்டு சேர்த்தது. அதுவரை அந்நாட்டு ஆடு மேய்ப்போருக்குக் கம்பளி ரோமத்தினால் மட்டுமே பெருவருவாய். மிகுதியான ஆடுகளைக் கொழுப்புக்காக உருக்கி வந்தனர். குளிர்க் கப்பல் வந்தபின் சிறு நிலக்காரரும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கடல் கடந்து விற்கலாயினர். அதற்கு வேண்டிய ஆலைகளைத் தனியொருவராக அமைக்க இயலாமையால் கூட்டுறவுப் பால்பண்ணைகள் அங்கே பெருகின. குளிரும் கூட்டுறவும் கைகோத்த முதற்கட்டங்களுள் இது ஒன்று.

நெசவுத் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. 1902 இல் நியூயார்க்கில் ஓர் அச்சகத்தின் காகிதம் ஈரத்தால் சுருங்கி விரிவதைத் தடுக்க வில்லிஸ் கேரியர் காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தும் யந்திரத்தை அமைத்தார். 1906 இல், நூல் அறுபடாமலிருக்க ஆலைக் காற்றின் ஈரத்தைச் சீர்செய்து வந்த ஸ்டூவர்ட் கிரேமர் என்பவரே 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லை முதலில் வழங்கினார். வெயிலேறிய பின் பாவு நூல் வறண்டு அறுவதை அறிந்த நம் நெசவாளர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அலுவலகச் சுகத்துக்கென்று இன்று நாம் கருதும் சாதனம், முதலில் காகிதத்துக்காகவும் நூலுக்காகவும் பிறந்ததே.

ஆனந்தின் பாடம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். பால் மடியிலிருந்து வரும்போது சுமார் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்துடன் வருகிறது. கிருமிகள் பெருகுவதற்கு அதுவே உகந்த வெப்பம். அரைமணிக்கு ஒருமுறை கிருமிகள் இரட்டிக்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒன்று 5 மணி நேரத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். பாலை 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் இப்பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே பாலுக்கு விலை வைக்கும் அதிகாரம், குளிர்விக்கும் நிலையம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே சென்றுவிடுகிறது.

குஜராத்தின் கெய்ரா மாவட்டத்தில் நிகழ்ந்தது இதுவே. பம்பாய் நகரத்துக்குப் பால் அனுப்பும் திட்டத்தில் ஆனந்த் நகரிலிருந்த போல்சன் என்ற தனியார் பால்பண்ணையே கொள்முதல் செய்து வந்தது. வேறு எங்கும் பாலைக் கொண்டு செல்ல வழியற்ற குடியானவர்கள் கிடைத்த விலைக்குக் கொடுத்தனர். 1946 இல் அவர்கள் பால் ஊற்ற மறுத்து 15 நாட்கள் உறுதியாக நின்றனர். சர்தார் படேலின் யோசனைப்படியும், மொரார்ஜி தேசாயின் துணையுடனும், திரிபுவன்தாஸ் படேலின் தலைமையிலும் 1946 டிசம்பர் 14 ஆம் நாள் அவர்களுடைய கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. தொடக்கத்தில் இரண்டே கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்கு 247 லிட்டர் பால்.

1949 இல் அங்கு வந்து சேர்ந்த வர்கீஸ் குரியன், சங்கத்துக்கென்று சொந்த யந்திரங்கள் வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆனால் குளிர்விக்கும் யந்திரம் மட்டும் போதவில்லை. குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறந்தபோது பம்பாய் முழுவதையும் வாங்கவில்லை. அவகாசத்தை நாட்கணக்கிலிருந்து மாதக்கணக்காக நீட்ட வேண்டியிருந்தது. எருமைப்பாலைத் தூளாக்க இயலாது என்று மேனாட்டார் கூறியதை எச்.எம். தலாயா என்ற பொறியாளர் பொய்யாக்கினார். 1955 அக்டோபர் 31 இல் பிரதமர் நேரு அந்த ஆலையைத் திறந்து வைத்தார். 1970 இல் தொடங்கிய 'வெண்மைப் புரட்சி' இம்முறையை நாடெங்கும் பரப்பியது. 1998 இல் இந்தியா உலகின் முதற்பெரும் பால் உற்பத்தி நாடாயிற்று. தமிழ்நாட்டில் 1981 இல் பதிவான ஆவின் இணையமும், குருமாம்பேட்டில் பால் பதனிடும் நம் புதுச்சேரியின் பாண்லே ஒன்றியமும் இதே வழியில் இயங்குபவையே.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு மாடு வைத்திருக்கும் ஒருவர் தமக்கென ஒரு குளிர்விப்புத் தொட்டி வாங்க இயலாது. வாங்கினாலும் நிரப்ப இயலாது. நூறு பேர் சேர்ந்தால் அதே தொட்டி நிரம்பும். குளிர்சாதனம் இயல்பாகவே கூட்டு முயற்சியை வேண்டும் ஒரு யந்திரம். நாம் கூடாவிட்டால், பணம் படைத்த ஒருவர் அதை வைத்துக்கொண்டு நம்மைக் கூட்டிவைப்பார். அப்போது விலை அவருடையது.

கடற்கரையில் ஐஸ்

ஒரு கிலோ பனிக்கட்டி கரைந்து நீராகும்போது, ஒரு கிலோ நீரின் வெப்பத்தை 80 டிகிரி உயர்த்தப் போதுமான வெப்பத்தை உட்கொள்கிறது. வெறும் குளிர்ந்த நீர் செய்யாததைப் பனிக்கட்டி செய்வது இதனால்தான். வெப்ப நாடுகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஐஸைச் சிக்கனம் செய்து மீனை இழப்பது இலாபமாகாது.

1952 இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டத்தின்கீழ், கேரளக் கரையில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் ஐஸ் உற்பத்தியும் யந்திரப் படகுகளும் அறிமுகமாயின. 1953 இல் கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயிற்று. அதற்கு முன் இறாலை உலர்த்திப் பர்மாவுக்கு அனுப்பி வந்தனர். மலிவாகக் கிடந்த இறால் அந்நியச் செலாவணி ஈட்டும் பொருளாயிற்று.

ஆனால் குளிரின் மறுபக்கமும் இக்கரையிலேயே வெளிப்பட்டது. இறாலைத் தேடி இழுவலைப் படகுகள் பெருகின. மிகுதியாகப் பிடித்தாலும் கெடாது என்ற துணிவு, கடல் தாங்கும் அளவுக்கு மேல் பிடிக்கத் தூண்டியது. கட்டுமரக்காரர்கள் கிளர்ச்சி செய்தனர். 1988 இல் கேரளம் மழைக்கால இழுவலைத் தடையைக் கொணர்ந்தது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் யந்திரப் படகுகளுக்குத் தடை உள்ளது. குளிர், பிடித்த மீனுக்கு அவகாசம் தரும். பிடிபடாத மீனுக்கு அவகாசம் தருவது சட்டமும் நம் ஒழுங்கும்தான்.

இன்னொன்றும் உண்டு. ஐஸும் டீசலும் கடனாகப் பெற்றுக் கடலுக்குச் செல்பவர், கரை திரும்பியதும் கடன் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டிய நிலை பல கரைகளில் உண்டு. கடிகாரத்திடமிருந்து தப்பியவர் கடன்காரரிடம் சிக்குகிறார். விடுதலை தரவேண்டிய ஐஸே விலங்காகிவிடுகிறது. எனவே குளிர் இருப்பது மட்டும் போதாது. அது யாருடைய குளிர் என்பதே கேள்வி.

வீட்டுக்குள் வந்த மாறுதல்

நம் நாட்டில் குளிர்ப்பெட்டியை 1958 இல் கோத்ரெஜ் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது. நெடுங்காலம் அது செல்வர் வீட்டு முன்னறையில், வருவோர் கண்ணில் படும்படி வைக்கப்பட்ட பொருளாக இருந்தது. இன்று சிற்றூர்களிலும் பல வீடுகளில் அது சமையலறைக்குரிய சாதாரணப் பாத்திரம் போலாகிவிட்டது. நாள்தோறும் மாவரைத்த குடும்பத் தலைவி வாரத்துக்கு இருமுறை அரைக்கிறார். உறைமோர் கேட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது குறைந்தது. மிஞ்சிய குழம்பு அண்டை வீட்டுக்குச் செல்வதற்குப் பதில் குளிர்ப்பெட்டிக்குள் சென்று, சில வேளைகளில் அங்கேயே மறக்கப்படுகிறது. உழைப்பு மிச்சமாயிற்று, உறவின் சிறு வழக்கங்கள் சில தேய்ந்தன. இரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றினும் மேலான நன்மை மருந்தில் விளைந்தது. தடுப்பு மருந்துகளுள் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரிலேயே இருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து சிற்றூர்ச் சுகாதார நிலையம் வரை ஓரிடத்திலும் இக்குளிர் அறுபடாமல் இருக்க வேண்டும். 1985 இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் இச்சங்கிலியைக் கிராமங்கள் வரை நீட்டியது. 2014 இல் இந்தியா இளம்பிள்ளை வாதம் நீங்கிய நாடு என்று சான்று பெற்றது. தோளில் ஐஸ்பெட்டி சுமந்து நடந்த சுகாதார ஊழியரை மறந்துவிட்டு இவ்வெற்றியைப் பேச இயலாது.

யந்திரங்களில் சுழலும் வாயுக்களைப் பற்றியும் ஒரு சொல். ஆரம்பகால வாயுக்கள் கசிந்தால் உயிருக்கு ஆபத்து. 1928 இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த குளோரோ புளோரோ கார்பன் வாயு மனிதருக்குத் தீங்கற்றது என்று மகிழ்ந்தனர். அது வானத்தின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974 இல் மோலினா, ரோலண்ட் என்ற அறிஞர்கள் எச்சரித்தனர். 1987 இல் மாண்ட்ரீலில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டு அவ்வாயுவைப் படிப்படியாக நீக்கின. மாற்றாக வந்தவற்றுள் சில பூமியை வெப்பமாக்குவதால், அவற்றைக் குறைக்க 2016 இல் கிகாலியில் மீண்டும் உடன்பட்டனர். உலகமே ஒரு சங்கமாகக் கூடிச் செயல்பட்டு வென்ற அரிய செயல்களுள் இது ஒன்று.

சங்கம் ஆராய வேண்டியவை

இனி நம் சங்கங்களின் கணக்குக்கு வருகிறேன். குளிர்விப்புத் தொட்டி வாங்க நினைக்கும் சங்கத்தின் நிர்வாகக் குழு முதலில் ஆராய வேண்டியது, அது தினமும் நிரம்புமா என்பதே. கணக்குக்காக ஓர் உதாரணம் கொள்வோம். 1,000 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு மின்சாரம், ஆள், தேய்மானம் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நிரம்பிய நாளில் லிட்டருக்கு 60 காசு செலவாகும். 400 லிட்டரே வந்தால் செலவு அநேகமாகக் குறையாது. லிட்டருக்கு 1 ரூபாய் 50 காசு ஆகிவிடும். தனியார் ஒரு வாரம் ஒரு ரூபாய் கூட்டித் தருகிறார் என்று அங்கத்தினர்கள் அங்கே பாலைக் கொண்டுபோனால், சங்கத்தின் தொட்டி காலியாகும், சங்கம் நலியும், அதன்பின் அந்த ஒரு ரூபாயும் நீடிக்காது. தொட்டியைக் காப்பது மின்சாரமன்று, அங்கத்தினரின் விசுவாசமே.

இரண்டாவது, சுத்தம். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. அழுக்குப் பாத்திரத்தில் வந்த பாலை எவ்வளவு குளிர்வித்தாலும் அது அழுக்குப் பாலே. ஒருவர் பால் நூறு பேர் பாலைக் கெடுக்கும். ஆகவே, ஊற்றுமுன் சோதிக்கும் பொறுப்பில் தயவு தாட்சணியம் கூடாது.

மூன்றாவது, மின்தடைக்கு மாற்று ஏற்பாடும், பழுது பார்க்கத் தனி நிதியும். வாங்கும்போது மானியம் கிடைக்கலாம். பத்து ஆண்டு கழித்து யந்திரம் தேய்ந்தபோது மானியம் கிடைக்குமென்று எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. தேய்மான நிதியை ஆண்டுதோறும் ஒதுக்காமல் அதையும் இலாபமாகப் பங்கிட்டுக்கொள்ளும் சங்கம், யந்திரத்தைச் சிறிது சிறிதாக விற்றுத் தின்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நான்காவது, பொருளுக்கேற்ற குளிர். பாலுக்கு 4 டிகிரி; வாழைப்பழமோ 13 டிகிரிக்குக் கீழே சென்றால் தோல் கறுத்துவிடும். தக்காளியும் கத்தரியும் கடுங்குளிரைத் தாங்கா. நாட்டின் குளிர்பதனக் கிடங்குகளுள் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்கென்றே அமைந்தவை. காய்கறி பயிரிடுவோர் அவற்றைப் பார்த்து அப்படியே பின்பற்றலாகாது. சிறு தோட்டக்காரர்களுக்கு, மின்சாரமே வேண்டாத ஒரு குளிர் அறையைத் தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1980 களில் உருவாக்கியது. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் 7.5 சென்டிமீட்டர் இடைவெளியை மணலால் நிரப்பி, காலையும் மாலையும் நீர் தெளித்து, மேலே ஈரச்சாக்கு மூடி வைப்பதே அது. மண்பானையின் தம்பி என்று அதைக் கூறலாம். கடற்காற்றில் ஈரம் மிகுந்த நம் பகுதியில் உள்நாட்டைப் போன்று அவ்வளவு குளிர்ச்சி தராது. எனினும் காய் வாடாமல் ஓரிரு நாள் காக்க உதவும்.

ஐந்தாவது, பணம். கிடங்கில் சரக்கு கெடாமல் இருக்கலாம். சரக்குக்கு உரியவரின் அடுப்பு அதுவரை காத்திருக்குமா? சரக்கின்பேரில் ஈட்டுக்கடன் தரவோ, பாலுக்குத் தவணை தவறாமல் பட்டுவாடா செய்யவோ இயலாத சங்கத்தில், எத்தகைய யந்திரமும் அங்கத்தினருக்கு அவகாசம் தராது. இதை நெசவாளர் சங்கங்கள் நன்கு அறியும். சேலை கெடாத பொருள்தான். ஆயினும் வயிறு காத்திருக்காமையால் அக்கால நெசவாளர் அதை மாஸ்டர் வீவரிடம் கிடைத்த விலைக்கு விட்டார். 1935 இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியபின், நூலைச் சங்கம் தந்தது. கூலியைச் சங்கம் தந்தது. சேலை கடையில் வாங்குவோருக்காகக் காத்திருந்தது. நெசவாளருக்குச் சங்கம் காலத்தில் தரும் கூலியே அவருடைய ஐஸ். மாடு வைத்திருப்பவருக்கு ஐஸும் வேண்டும், கூலியும் வேண்டும்.

பாஸ்டன் ஏரியிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டி செல்வந்தர் கோப்பைக்குச் சென்றது. யந்திரம் வந்தது; அது முதலாளியின் ஆலைக்குச் சென்றது. சிறு உற்பத்தியாளர் கைக்கு அது வந்த இடங்களிலெல்லாம், பலர் சேர்ந்து அதைச் சொந்தமாக்கிக்கொண்டதனாலேயே வந்தது. அடுத்த பொதுப்பேரவையில் குளிர்விப்புத் தொட்டியைப் பற்றிய தீர்மானம் வரும் சங்கங்களின் அங்கத்தினர்கள், 'எவ்வளவு விலை?' என்று கேட்பதோடு நின்றுவிடாமல், 'நாள்தோறும் என் பங்குக்கு எத்தனை லிட்டர் ஊற்றுவேன்?' என்றும் தமக்குள் கேட்டுக்கொண்டு கையை உயர்த்துவார்களாக.